பிழைக்கத் தெரிந்தவள்

மார்ச் 4, செவ்வாய்
அகராதி வேலையில் இன்று என் பங்குக்கு வந்த சொல் 'எக்ஸ்பீடியன்ட்'. சரியோ தவறோ, அப்போதைக்குத் தனக்கு ஆதாயமானது. லத்தீன் மூலம்: விலங்கிலிருந்து காலை விடுவித்தல். எவ்வளவு நல்ல பிறப்பு! பிறகு ஏன் இப்படிக் கெட்டுப்போனது? ஒரே சொல்லில் தமிழ் பிடிபடவில்லை.

மார்ச் 6
முதல் தொகுதியில் பெரிய தப்பு. 'ஆன்டிடோட்' என்பதற்கு 'நச்சுமுறி' என்று வராமல் 'நஞ்சு' என்றே அச்சாகிவிட்டது. பள்ளிகளுக்குப் போன பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்குகிறார்கள்.

"மெய்ப்புப் பார்க்கிற அம்மா கவனிக்கலையா?" என்றார் ஆசிரியர்.

"கடைசியா அவங்க கையிலதான் சார் இருந்துச்சு" என்றேன்.

பொய்யில்லை. அதற்கப்புறம் அந்த மெய்ப்புக்கார அக்கா 'நச்சுமுறி' என்று திருத்தி அனுப்பிய சீட்டு என் இழுப்பறையில்தான் கிடக்கிறது. சேர்க்க மறந்தவள் நான். துணையாசிரியர் யாரென்று இந்த வாரம்தான் முடிவு செய்கிறார்கள்.

மார்ச் 7
அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "நான் திருத்திக் குடுத்தேனேடி, ஞாபகம் இல்ல?"

"சரியா ஞாபகம் இல்லக்கா."

சீ.

மார்ச் 8
சோறு இறங்கவில்லை.

மார்ச் 12
துணையாசிரியர் நான்தான். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன் — திட்டட்டும் என்றுதான் சொன்னேன். அவரோ சிரித்தார். "பரவால்லையே, நீயும் பொழைக்கத் தெரிஞ்சவதான்."

எட்டு நாளாகத் தேடிய தமிழ். என் மேலேயே வந்து விழுந்தது. குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதேன். அக்கா வீட்டில் இன்று என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

மார்ச் 13
சீட்டை ஆசிரியரின் மேசையில் வைத்தேன். தேதியோடு அக்காவின் கையெழுத்து. அவர் எடுத்துப் பார்த்தார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"இந்த வேலை கிடைக்காதுன்னு பயந்தேன் சார்."

"போங்க" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 2
அக்கா திரும்பிவிட்டார். துணையாசிரியர் நாற்காலியில் வேறொருவர். நான் பழைய மேசையில். வேலையாவது மிஞ்சியது.

மத்தியானம் அக்கா மெய்ப்புத் தாள்களோடு வந்தார். எழுந்து நின்றேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த மன்னிப்பைத் தொடங்குவதற்குள் அவர் தாள்களை என் முன்னே வைத்தார்.

"வாங்கிட்டேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போடுங்க. ஒன்பது வருஷமாக என்னை வாடி, போடி என்றவர்.

போட்டுக் கொடுத்தேன்.