ஆசைக் கம்பியில் குத்திய பழுது

29.7.2003, செவ்வாய்

காலையிலிருந்து நாலு போன். தம்பி மகள் சுகன்யா பட்டுக் கடைகளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினாலும் எழுதினாள், பேஜார் எனக்கு. எந்த நெசவாளருக்குத் தறியில் ஏற்ற எந்தப் பாவு நூல் போயிருக்கிறது, யார் சேலை நெய்து கொடுத்துவிட்டார் என்று அது காட்டும். ஆரணியில் அஞ்சு கடையில் ஓடுகிறது. அவளுக்கு வேலூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவாள். அதுவரை கடைக்காரர்கள் சொல்வதையெல்லாம் நான் சீட்டில் எழுதி, பில் குத்துகிற கம்பி இரண்டில் குத்திவைக்க வேண்டும். ஒரு கம்பி பழுதுக்கு. இன்னொன்று ஆசைக்கு.

"பழுதுதான் மொதல்ல பார்ப்பேன் அத்தை. புதுசா கேக்கறதெல்லாம் தீபாவளி கழிச்சு. ரெண்டையும் கலந்துடாதீங்க."

அஞ்சாவது படித்தவளுக்கு இப்படி ஒரு உத்தியோகம்! ஒரு கடைக்காரருக்குத் திரையில் லட்சுமி படம் வேண்டுமாம். ஆசையில் குத்தினேன். எனக்கும் அதே ஆசைதான்.

1.8.2003, ஆடி வெள்ளி

விளக்கேற்றிவிட்டு எழுகிறேன், போன். சம்பந்தம் முதலாளி கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற லீலா.

"ஆன்ட்டி, சேவூர்ல ரெண்டு வேடியப்பன் இருக்காங்க. ஒருத்தர் குடுத்த சேலை இன்னொருத்தர் பேர்ல ஏறிடுது. ஜல்தியா பார்க்கச் சொல்லுங்க. நாளையிலேர்ந்து நான் லீவு, எங்க அக்காவுக்குப் பிரசவம்."

அம்மா காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கு எரியும்போது இந்த வீட்டில் குறை பேசுவதில்லை. அதிலும் ஆடி வெள்ளி. பழுது என்று எழுதக் கை வரவில்லை. "ரெண்டு வேடியப்பனும் தனித்தனியாக வேண்டும்" என்று நல்ல வார்த்தையாக எழுதி ஆசையில் குத்திவைத்தேன். காலையில் எடுத்து மாற்றிவிடலாம்.

3.8.2003, ஞாயிறு

நேற்று விடியும்போதே வேன் வந்துவிட்டது. படவேட்டில் அம்மனுக்குப் பொங்கல், நல்ல தரிசனம். இன்று மதியம் வீட்டுக்கு வந்து பார்த்தால், சுகன்யா வந்து பழுதுக் கம்பியைக் காலி பண்ணிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தச் சீட்டு ஆசையிலேயே இருக்கிறது. சரி, அடுத்த சனி.

9.8.2003, சனி

சுகன்யா வரவில்லை, ஆபீசில் வேலையாம். போனில் பேசினாள். சாப்பிட்டியா, சளி எப்படி என்றெல்லாம் கேட்டேன், இதைச் சொல்லவில்லை. மறந்துபோனேனா? இல்லை. "கலந்துட்டீங்களா அத்தை" என்பாளே என்றுதான்.

12.8.2003, செவ்வாய்

ஆரணி பஜார் மளிகைக் கடையில் எனக்கு முன்னால் காத்தாயி. சேவூரில் அந்த ரெண்டு வேடியப்பனில் ஒருத்தர் சம்சாரம். முகமே சரியில்லை. என்னடி என்றேன்.

"இன்னான்னு சொல்றது, அக்கா. சேலைய நெய்ஞ்சு குடுத்தாச்சு, இவரே கையில கொண்டுபோய்க் குடுத்தாரு. கம்ப்யூட்டர்ல வரலையாம். நீ வெளிய வித்துட்டேன்னு நடுத்தெருவுல நின்னு கத்திட்டுப் போனாரு மொதலாளி. பாவு தர்றதில்ல. தறி சும்மா கெடக்குது. இவரு வீட்ட விட்டு வெளிய வராம படுத்துகினு இருக்காரு."

சர்க்கரை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஐயோ, நான்தானே... நான்தானே பண்ணேன் இத்த!

13.8.2003, புதன்

அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

15.8.2003, கடைசி ஆடி வெள்ளி

சுதந்திர தின லீவில் சுகன்யா வந்தாள். விளக்கு எரியும்போதே சொன்னேன், ஒன்று விடாமல்.

"வெள்ளிக்கிழமைன்னா பழுது காத்துகினு நிக்குமா அத்தை?" என்றாள். அவ்வளவுதான். போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக்கூட வரவில்லை. சாயங்காலம், "ஒரே பேர்ல ரெண்டு பேர் இருப்பாங்கன்னு நானும் யோசிச்சிருக்கணும்" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். தேறவில்லை.

17.8.2003, ஞாயிறு

இரண்டு பேரும் சம்பந்தம் முதலாளி கடைக்குப் போனோம். சுகன்யா திரையில் காட்டினாள், சேலை மற்ற வேடியப்பன் பேரில் இருந்தது. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மெஷின் சொன்னதத்தானேம்மா நம்புனேன்? சரி, ஆள் கிட்ட பாவு குடுத்தனுப்பறேன்."

"போதாதுங்க. தெருவுல நின்னு திருடன்னீங்க. இல்லைன்னும் தெருவுல வந்து சொல்லுங்க. தப்பு எழுதுன நானும் வர்றேன்."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. வந்தார். சேவூரில் அவர்கள் வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நானும் சொன்னேன், வெள்ளிக்கிழமைக் கதையை எல்லோர் காதிலும் விழும்படி. யாரோ சிரித்தார்கள்.

காத்தாயி சிரிக்கவில்லை. "சாமிக்கு ஆகாதுன்னு எங்கள ஆகாதவங்களா ஆக்கிட்டியேக்கா."

வேடியப்பன் பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

24.8.2003, ஞாயிறு

சேவூர் வழியாக பஸ்ஸில் போனேன். அந்தத் தெரு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.

9.9.2003, செவ்வாய்

மதியம் போன். பூத்திலிருந்து வேடியப்பன். நிதானமாகத்தான் பேசினார். கடையில் சேலை கொடுத்ததும் நெசவாளிக்கும் ஒரு சீட்டு அச்சாகி வர வேண்டுமாம், பேர், அப்பா பேர், தேதியோடு. இத்தனை நாளில் நெசவாளி ஒருவர் கூப்பிட்டுக் கேட்பது இதுதான் முதல் தடவை. சுகன்யாவிடம் இதைத்தான் முதலில் செய்யச் சொல்லப்போகிறேன்.

"எழுதினீங்களா?"

"எழுதிட்டேன்பா."

"படிச்சுக் காட்டுங்க."

படித்தேன்.

"இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.