கவரில் எழுத வேண்டிய அட்ரஸ்

பெங்களூர்
20.6.2021

அன்பு மகள் மமதாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது, இரண்டு வாய் சாப்பிடுகிறாள். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் எங்களுக்கு அது போதும்.

உன் தம்பி மஞ்சுநாத் பெட் கிடைக்காமல் போனான் என்று அம்மா போனில் சொன்னாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெட் கிடைத்தது கண்ணு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் காலனிப் பெயரைப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று, நான் வாட்ச்மேனாக இருக்கும் காக்ஸ் டவுன் ஆம்ப்ரோஸ் சார் வீட்டு அட்ரஸைத்தானே அவரைக் கேட்டு உங்கள் கார்டுகளில் போட வைத்தேன். டெஸ்ட் எடுத்த இடத்திலும் மஞ்சு அதையே கொடுத்திருக்கிறான். ஆம்புலன்ஸ் அங்கே போயிருக்கிறது, சார் ஊரில் இல்லை, கேட் பூட்டு. நான் டூட்டிக்குப் போயிருந்தால் கேட்டில் நானே நின்றிருப்பேன், அவனுக்காக லீவு போட்டு மருந்துக் கடை வரிசையில் நின்றேன். டிரைவர் போன் செய்தபோது அவனுக்குப் பேச மூச்சில்லை, அம்மா நினைவில்லாமல் கிடந்தாள். ஆள் இல்லை என்று பெட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காலனிச் சங்கத்து வீணாவும் பிள்ளைகளும் சிலிண்டரோடு அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். மூன்றாவது ஆஸ்பத்திரி வாசலில் என் மடியில் போனான். இருபத்திரண்டு வயசு.

காரியம் முடிந்த மறுநாள் வீணா வந்தாள். இப்படிக் கார்டில் வேறு அட்ரஸ் போட்டிருக்கிற பிள்ளைகளைச் சங்கம் வீடு வீடாக எழுதுகிறதாம், வேலை போய்விடும் என்று யாரும் வாய் திறப்பதில்லையாம், மாமா நீங்க கூட வந்தா நெஜத்த சொல்லுவாங்க என்றாள். போடி என்று கத்திவிட்டேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் மஞ்சுவைப் பற்றிச் சொல்கிறேன், இதுவரை முப்பத்தொரு பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களின் சரியான வீட்டையும் சங்கத்துப் போன் நம்பரையும் வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. நேற்றுச் சின்னத்தாயி மகன் நரேஷுக்கு ஆம்புலன்ஸ் நேராக வாசலுக்கே வந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள், எனக்கு அந்த ஆம்புலன்ஸ் சத்தத்தைக் கேட்டு நிற்க முடியவில்லை, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மாவிடம் நீ சொல்லாதே, அவள் கொஞ்சம் தேறட்டும், நானே சொல்கிறேன். திட்டுவாள், திட்டட்டும். நீங்கள் இருவரும் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும், கூட்டத்தில் மாஸ்க்கைக் கழற்றாதே. இத்தனை வருஷமும் உன் கடிதங்கள் காக்ஸ் டவுனுக்கே வந்தன, இனி கவரில் கீழே இருப்பதை எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
முனிகிருஷ்ணன்,
14, மூன்றாவது சந்து,
எல்லம்மா காலனி.