உன் காலும் என் இடுப்பும்

மருமகளுக்கு இடுப்பு வலி. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குகிற பெண் படம் ஒன்று. கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகை வளைக்கிற படம் இன்னொன்று. கீழே பத்து முறை என்று போட்டிருக்கிறது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒம்பது போதும் புள்ள, பத்தாவது சாமிக்கு" என்று நீ மூச்சு வாங்கியது காதில் கேட்டது. உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம்.

எழுபதுகளில் மீனாட்சிபுரத்துப் பக்கம் இடுப்புப் பிடித்துக்கொண்டால் யாரும் வைத்தியரைத் தேட மாட்டார்கள், உன் காலைத் தேடுவார்கள். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்து பிறந்தவள் நீ. அப்படிப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது நம் சனத்தின் நம்பிக்கை. விடிகாலையில் வெறும் வயிற்றோடு வந்து குப்புறப் படுப்பார்கள். நீ இடது காலால் மூன்று தரம் மெல்ல மிதிப்பாய். மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற பண்ணையக்காரரெல்லாம் உன் காலடியில் கிடப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். உனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லாதே.

பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். ஒருநாள் சோளத்தட்டுக் கட்டைத் தூக்கும்போது இடுப்பில் சுளீரென்றது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ வந்து மூன்று நாள் மிதித்தாய். மிதி வாங்கியவள் அசைந்தால் பிடிப்புத் திரும்பிவிடும் என்று வீட்டில் என்னைக் கட்டிலோடு கிடத்தினார்கள். மூன்று வாரம் போயிற்று. அசையாமல் கிடந்ததில் இடுப்பு கட்டையாகிப் போனது. புரண்டு படுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. என் எருமைகளோ வேறு யார் கறந்தாலும் பால் விடாது. இவளை இனி இவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியதுதான் என்று என் மாமியார் பேச ஆரம்பித்தார். போனால் திரும்பக் கூப்பிடுவார்களா என்று பயந்து நான் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

அன்று என்னைப் பார்க்க வந்த சனம் வாசல் நிறைய இருந்தது. அதில் பாதிப் பேர் உன்னிடம் மிதி வாங்கியவர்கள். அவர்கள் முன்னால் என் மாமியாரிடம் சொன்னாய்.

"அத்தைங்க, என்ற காலு இதுக்குப் பத்தலீங்க. நான் இவளப் பாலக்காட்டுக்குக் கூட்டீட்டுப் போறனுங்க."

ஊரே நம்பிய கால். அது பத்தவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல உனக்கு எவ்வளவு நொந்திருக்கும். எனக்காகச் சொன்னாய்.

பஸ்ஸில் உன் மடியில் தலை வைத்துக்கொண்டு போனேன். எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான் இறுகிக் கிடக்கிறது என்று அங்கே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கே வேலை பார்த்த மலையாளத்து அம்மா ஒருவர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகுத்தண்டின் இரண்டு ஓரமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்து, வலிக்கிற இடத்தில் நிறுத்திப் பிசைந்து இளக்கினார். பிறகு மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தார். படுத்தே கிடந்ததுதான் கெடுத்தது, எழுந்து நட என்று திட்டவும் செய்தார். நீ அவர் கையையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த வம்பு. ஒரு மருமகள் மாடு மாதிரி நின்று முதுகை வளைத்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் பாய் விரித்தோம். என் வெட்கம் போக நீயும் பக்கத்தில் படுத்துச் செய்தாய். முடித்ததும் அந்த அம்மா அழுத்தியது போலவே என் இடுப்பை அழுத்திவிட்டாய். காலைவிடக் கைதான் உனக்கு நன்றாக வந்தது. ஒருநாள் மாமியார் எட்டிப் பார்த்து, இருவருக்கும் பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு எடுத்து வந்தார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான், இடுப்பு வலிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். இரண்டு மாதத்தில் எருமையடியில் உட்கார்ந்து பால் கறந்தேன். அம்மா வீட்டுப் பேச்சு அதோடு நின்றது.

உன் வாசலில் இனிக் கூட்டம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. நீ மூன்று தரம் மிதிப்பதையும் விடவில்லை, மிதித்தவுடன் யாரையும் எழுந்து போக விடவும் இல்லை.

"நான் மிதிச்சது பாதிதானுங்க. தெனமும் நீங்க இதச் செஞ்சாத்தான் மிதி பலிக்குமுங்க" என்று சொல்லி, அதே மீசைக்காரரை முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்க வைத்தாய். வைத்தியர் சொன்னால் கேட்காத சனம் உன் காலுக்குப் பயந்து கேட்டது. ஊரை ஏமாற்றுகிறாயே என்று நான் கேலி செய்தபோது, ஏமாந்தவன் நிமிர்ந்து நடக்கிறானா இல்லையா என்று திருப்பிக் கேட்டாய்.

போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்தாய். உன்னைக் குளிப்பாட்டக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. இந்த வயதில் நான் தூக்க வேண்டாம் என்று உன் மகள் குடத்தை வாங்க வந்தாள்.

"உடு கண்ணு, இது உங்கம்மா குடுத்த இடுப்பு" என்றேன்.

நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அழுதேன்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் கிணற்றடியிலிருந்து உன் வாசல் வரை குடத்தை நான் எங்கும் இறக்கி வைக்கவில்லை.