குடிக்காத மனுஷனோட ஈரல்

ஏங்க,

புரோட்டீன் பவுடர் டப்பா அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. ஒளிச்சு வைக்காதீங்க. டாக்டரம்மா சொன்ன மாதிரி ஒரு கரண்டி கலக்கிக் குடிங்க. அதனாலதான் சோறு பாதியா வச்சிருக்கேன்.

ஈரல்ல கொழுப்புன்னுதான் பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னேன். அவங்க உங்களைக் குடிகாரன்னு நெனச்சா நான் என்ன பண்றது? உடம்பு பெருத்தாலும் வரும்னு இன்னைக்கு வேலைக்குப் போற வழியில அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.

உங்களுக்கு ராத்திரி காவல், எனக்குப் பகல்ல கல்லு சுமக்கிற வேலை. இதுல அந்தக் கோவத்துல பேச்சையும் நிறுத்திட்டா, இந்த வீட்டுல நானும் சுவரும்தான்.

சாவி ஜன்னல்ல.

நானும் அந்தப் பவுடரை ஒரு டம்ளர் கலக்கிக் குடிச்சுப் பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணியேதான். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் லீவு. எதிரெதிரா உட்கார்ந்து குடிச்சு, சேர்ந்தே மூஞ்சியைச் சுளிப்போம்.