தொடைக்குப் பின்னால் ஒரு கிழிசல்

பிப்ரவரி 10

நகரசபைக் கூட்டத்துக்குத் தலையணையோடு போனேன். செய்தியாளர் பெஞ்சு மரத்தால் ஆனது. தலைவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவர் உட்கார்ந்து முதல் தீர்மானத்தைப் படித்து முடித்தபோதுதான் நான் எழுந்து முடித்தேன்.

போன வியாழக்கிழமை ஜிம்மில் நடந்தது. டெட்லிஃப்ட். தரையிலிருந்து பாரைத் தூக்கும்போது வலது தொடையின் பின்பக்கம் பழைய துணி கிழிகிற மாதிரி ஓர் உணர்வு. பக்கத்தில் நின்ற நாத்தனார், "என்ன அண்ணி, பேன்ட்டா?" என்று கேட்டாள்.

பேன்ட்டாக இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 11

பிசியோ பெண் அழுத்திப் பார்த்தாள். "ஹாம்ஸ்ட்ரிங் மேடம், தொடையோட பின்தசை. பாதி கிழிஞ்சிருக்கு."

"மறுபடி எப்ப தூக்கலாம்?"

"முதல்ல படியேறுங்க."

ஏப்ரல் முதல் வாரம் பளு தூக்கும் போட்டி இருக்கிறது என்றேன்.

"எந்த வருஷம்?" என்றாள்.

பிப்ரவரி 12

போட்டியில் எங்களுடையது குடும்ப ஜோடிப் பிரிவு. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர். இருவர் தூக்கும் எடையையும் கூட்டுவார்கள். ஒருவர் தூக்காவிட்டால் இருவரும் வெளியே. பெயர் கொடுக்க வைத்தது நாத்தனார்தான். பள்ளியில் அண்ணன் பரிசு வாங்கும்போதெல்லாம் கீழே உட்கார்ந்து கைதட்டியவள், இப்போது வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து டோக்கன் எண்களைக் கூப்பிடுகிறாள். ஒரு தடவையாவது தன் பெயரை யாராவது மைக்கில் கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை.

மாலையில் போன் செய்தாள். "கால் எப்படி இருக்கு அண்ணி? உண்மையச் சொல்லுங்க. முடியாதுன்னா வேற ஏதாவது யோசிக்கலாம்."

"தேறிக்கிட்டு வருது" என்றேன். பொய்யில்லை. எப்போது தேறி முடியும் என்று அவள் கேட்கவில்லை.

பிப்ரவரி 14

ரத்தம் கட்டிய ஊதா நிறம் முழங்கால் வரை இறங்கிவிட்டது. கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "மேப் மாதிரி ஆறு, மலை எல்லாம் தெரியுது" என்றார்.

நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே செய்தியை எழுதினேன். "இன்னைக்கு சுருக்கமா எழுதியிருக்கீங்க. இப்படியே எழுதுங்களேன்" என்றார் செய்தி ஆசிரியர்.

பிப்ரவரி 26

வலி போய்விட்டது. பிசியோவிடம் பெருமையாகச் சொன்னேன். "வலி போச்சுன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தமில்ல மேடம்." மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது மட்டும்தான் இப்போதைக்கு அனுமதி.

ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் செய்தி போடுவது முறையல்ல. விளையாட்டுப் பக்கம் எழுதுபவரைக் கேட்டேன். அவசரப்படாதே என்றார். அவர் கிரிக்கெட்காரர், அவருக்குப் பளுவைப் பற்றி என்ன தெரியும்? வேறொரு செய்திக்காக எலும்பு டாக்டரிடம் பேசும்போது நடுவில் இதையும் நுழைத்தேன். அவரும் அதையே சொன்னார். கடைசியில் அலுவலகக் கார் டிரைவர்: "எங்க மச்சானுக்கு மூணே வாரம் மேடம். இப்ப மூட்டை தூக்குறாரு."

செய்தி உறுதியானது.

கணவரிடம் சொன்னேன். "நாலு பேர்ல மூணு பேர் வேணாங்கறாங்க. உங்க பேப்பர்ல தலைப்பு மட்டும் 'தூக்கலாம்'னு வருமா?" என்றார்.

மார்ச் 1

கணவர் முடிவெட்டப் போயிருந்தார். சமையலறையில் தண்ணீர் கேன், முழுசாக. முதுகை நேராக வைத்தேன், இடுப்பைப் பின்னால் தள்ளினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கேன் முழங்கால் உயரத்துக்கு வந்ததும் உள்ளே சுரீரென்று பிடித்து இழுத்தது. மேலே தூக்க முடியவில்லை. கீழே இறக்கப் பயம். கேனைக் கட்டிக்கொண்டு, யாருக்கோ பெரிய வணக்கம் வைக்கிறவள் மாதிரி குனிந்தபடியே நின்றேன்.

நாத்தனாரிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. திறந்துகொண்டு வந்தவள் கைப்பையை மேசையில் வைத்தாள். பிறகு ஒரு கையால் கேனை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இதுதான் தேறிக்கிட்டு வர்ற காலா?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தேன்.

"அப்பவே சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல? பேர் மாத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. இப்பப் போய் யாரைத் தேடுவேன் அண்ணி?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை.

ஏன் மறைச்சேன்? அவளுக்காகத்தான்னு இவ்வளவு நாளா சொல்லிக்கிட்டிருந்தேன் — இல்ல. என் இடத்த விட மனசு வரல. அவ்வளவுதான்.

மார்ச் 2

பிசியோ திட்டவில்லை. டிரைவரின் மச்சானுக்கு எந்த இடத்தில் அடி என்று மட்டும் கேட்டாள். நானும் டிரைவரைக் கேட்டேன். தோள்பட்டையாம்.

மார்ச் 4

எங்கள் பிள்ளைகள் வெளியூரில். நாத்தனார் வீட்டுக்காரருக்கு முதுகுவலி. மீதி ஒருவர்தான். நானே வாயைத் திறந்தேன்: "உன் அண்ணன் இருக்காரே."

அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறவர் அவர். ஆனால் நாத்தனார் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"அண்ணா, நீ எவ்வளவு தூக்குவ?"

"போன மாசம் உங்க அண்ணியவே கார்லேருந்து தூக்கி இறக்கினேன்."

"பாதிதான் இறக்கினீங்க" என்றேன்.

மார்ச் 20

அவர்கள் பயிற்சி செய்கிறார்கள். நான் ஓரமாக நாற்காலியில். "முதுகு, முதுகு!" என்று கத்துகிறேன். "அது எப்பவும் இருக்கற எடத்துலதான் இருக்கு" என்கிறார்.

இன்று ஐம்பது கிலோ தூக்கிவிட்டார். கைதட்டினேன். பொறாமையாக இருந்தது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

ஏப்ரல் 5

மைக்கில் நாத்தனார் பெயரைக் கூப்பிட்டார்கள். உச்சரிப்பைக் கொன்றுவிட்டார்கள், அவள் கவலைப்படவில்லை. நூறு கிலோ. இறக்கி வைத்துவிட்டு மேடையை விட்டு வர மறந்து அங்கேயே நின்றாள். நடுவர்தான் கைகாட்டி அனுப்பினார். அடுத்து இவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு அறுபது.

ஐந்து ஜோடிகளில் நான்காம் இடம். ஐந்தாவது ஜோடியில் ஒருவருக்கு எழுபத்திரண்டு வயது. இந்தத் தகவலைக் குடும்பத்தில் யாரும் வெளியே விடுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது.

ஏப்ரல் 19

பிசியோ முதல்முறையாகக் கையில் துடைப்பக் கட்டையைக் கொடுத்துக் குனிந்து நிமிரச் சொன்னாள். நிமிர்ந்தேன். அடுத்தது எப்போது என்று கேட்டேன். "நான் சொல்றப்ப" என்றாள். சரி என்றேன்.

அண்ணனும் தங்கையும் அடுத்த வருடத்துக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப நான்?"

"ஒரே குடும்பமா இருந்தாப் போதும் அண்ணி" என்றாள் நாத்தனார். "எங்கம்மா சும்மாதானே இருக்காங்க."

ஏப்ரல் 21

மாமியார் போன் செய்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பளு தூக்க ஷூ தட்டையாக வாங்க வேண்டுமா, குதிகால் வைத்ததா என்று கேட்டார்.

தட்டை என்றேன்.