உப்புத்தாள் போட்ட துப்பாக்கி

டுவேன் அண்ணா,

அப்பாவின் துப்பாக்கிக்கு விலை பார்த்தபோது சமையலறையில் இருந்தவர்கள்: அம்மா, நான், நீ வரச் சொன்ன துப்பாக்கி வியாபாரி ஹாகன். நீ இல்லை, உன் வார்னிஷ் வாசனை இருந்தது.

ஹாகன் இரும்பில் பொறித்திருந்த எண்களைப் பார்த்தார். ராணுவம் ஏலத்தில் தள்ளியதுதான், ஒரு பாகம்கூட மாறவில்லை என்றார். பிறகு துப்பாக்கியின் மரக்கட்டையைத் தடவினார்.

"இங்க ராணுவ முத்திரை இருந்திருக்கணுமே. யாரு தேச்சது?"

"பெரியவன்தான். நல்ல விலை போகட்டும்னு வாரக்கணக்கா உப்புத்தாள் போட்டான்," என்றாள் அம்மா.

"வேலை சுத்தம். நாற்காலியா இருந்தா இப்பவே வாங்கிப்பேன்."

அழுக்கோடும் முத்திரையோடும் விட்டிருந்தால், விற்ற காசில் உன் வண்டிக்குப் புது கியர்பாக்ஸ் வந்திருக்குமாம். இப்போது ஒரு டயர் வரும். விற்காதே என்று நான் கத்தியதைவிட உன் உப்புத்தாள் நன்றாக வேலை செய்திருக்கிறது.

மான்கறி சூப் அடுப்பில் இருக்கிறது. துப்பாக்கி அலமாரிச் சாவி மாவு டப்பாவில். சனிக்கிழமை வேட்டைக்கு அப்பாவின் துப்பாக்கியையே எடுத்துப் போ. மான் முத்திரை பார்க்காது.

நான் ஷிப்டுக்குப் போகிறேன்.

நோரிஸ்

இன்னொன்று. இரும்பை மட்டும் கழற்றிக் கொடுத்தால் முத்திரை உள்ள வேறு ராணுவக் கட்டையில் பொருத்திக்கொள்வாராம், கியர்பாக்ஸ் விலையே தருவாராம்.

"இந்தக் கட்டைய என்ன பண்றது?" என்று அம்மா கேட்டாள்.

"அடுப்புல போடுங்க."

அம்மா அவர் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்து வாசல்வரை கூடவே போனாள். "எம் புள்ள தேச்ச கட்டை, மிஸ்டர் ஹாகன்," என்றாள். அவர் பனியில் இறங்கியதும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.