பாடை தூக்கப் போகாதே

வெளியே ஆட்டோ ஹாரன் அலற, செவ்வந்தி காலண்டர் தாளின் முதுகில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை வாங்கக் காஞ்சிபுரம் போன புருஷன் வசந்த்குமார் போனை எடுக்கவே இல்லை. குடியை விட்டு நாலு மாதமாகியும் காலையில் அவள் வாயை ஊதச் சொன்னாளாம், அந்தக் கோபம்.

"யோவ், ஊதச் சொன்னது தப்புதான். நாலு மாசமா உன்னையே காவல் காத்துக்கினு கீறேனே, எனக்கு மட்டும் பேஜாரா இருக்காதா? குழம்பு அடுப்பு மேல கீது. துன்னுட்டு மாத்திரை போடு.

ஊர்ல ஒரு சாவு. நான் ஆஸ்பத்திரிக்குப் போயி பாடியோட வரேன். பாடை தூக்க உன் கூட்டாளி தாமோதரன் உன்னைக் கூப்புட வருவான். தூக்கறவங்களுக்கு மொதல்லயே குவார்ட்டர் ஊத்திக் குடுத்துடுவாங்க. வேணாம்னா, பொண்டாட்டிக்கு பயந்துக்கினியான்னு கிண்டல் வேற. முதுகு புடிச்சிக்கினு கீதுன்னு சொல்லிடு. மாலை போட நாம சேர்ந்து போலாம்."

"இன்னாக்கா, கலெக்டருக்கு மனுவா எழுதிக்கினு கீற?" என்று கத்தினான் ஆட்டோக்காரன்.

"தோ வரேன்டா!"

வாசல்வரை போனவள் திரும்பி ஓடிவந்தாள். இவ்வளவு எழுதியும் இறந்தவர் பெயரை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள். அதை தாமோதரன் பாட்டிலும் கையுமாக வந்து சொன்னால்? தாளின் அடியில் விரலளவு இடம்தான் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு அதில் நெருக்கி எழுதினாள்:

"செத்தது நம்ம கிருஷ்ணசாமி அண்ணன். உன்கூட ஒரே நாள்ல குடிய விட்டவரு, நேத்து மறுபடி குடிச்சிட்டு வண்டியோட ஏரியில வுழுந்துட்டாரு."